கேள்வி-பதில்: சுவிட்ச் ஏன் பேசவில்லை?

கேள்வி: எங்கள் பாடசாலைக் கணினிக்கூடத்துக்கு வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்கும் லிப்ரெஎன்எம்எஸ் மென்பொருளை நிறுவினோம். சுவிட்ச்களைச் சேர்த்தால் பதில் இல்லை என்கிறது. சேர்ந்த ஒன்றிலும் வரைபடம் வெறுமையாகவே கிடக்கிறது.
– வாசகர், மாங்குளம்

பதில்: இவை இரண்டு வேறு கோளாறுகள். லிப்ரெஎன்எம்எஸ் சுவிட்சிடம் தரவு கேட்கும் முறையான எஸ்என்எம்பி, பல சுவிட்ச்களில் அணைத்தபடியேதான் வரும். சுவிட்சின் நிர்வாகப் பக்கத்தில் அதை இயக்குங்கள். எஸ்என்எம்பியின் வி2சி பதிப்பு என்றால், கடவுச்சொல் போன்ற கம்யூனிட்டிச் சொல் இரு பக்கமும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கவேண்டும். பிழையான சொல்லுக்குச் சுவிட்ச் பதிலே அனுப்பாது. அதனால்தான் பலர் கேபிளைக் கழற்றிப் பார்த்து மினக்கெடுகிறார்கள். பிங் சோதனைக்குப் பதில் வந்தும் எஸ்என்எம்பி வராவிட்டால், அது பயன்படுத்தும் யூடிபி 161 போர்ட்டைத் தீச்சுவர் மறிக்கிறதா பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்த 'பப்ளிக்' என்ற கம்யூனிட்டிச் சொல்லை மட்டும் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். நிர்வாக வசதியே இல்லாத மலிவுச் சுவிட்ச் இதில் சேராது.

வரைபடம் வெறுமையாக இருந்தால், 5 நிமிடத்துக்கு ஒருமுறை தரவு எடுக்கும் போலர் பெரும்பாலும் ஓடவில்லை. அதை நேரப்படி ஓட்டும் கிரான் கோப்பு உரிய இடத்தில் உள்ளதா பாருங்கள், லிப்ரெஎன்எம்எஸ்ஸின் சோதனை நிரலான வாலிடேட்.பிஎச்பியை ஓட்டினால் குறையை அதுவே சொல்லும். பிஎச்பி மொழி அமைப்பிலும் லினக்ஸிலும் நேரவலயம் ஏசியா/கொழும்பு என்றே இருக்கட்டும்.

கரண்ட் போய்வரும் இடமென்றால் சேர்வரோடு முதன்மைச் சுவிட்சுக்கும் யூபிஎஸ் கொடுங்கள். அந்தச் சுவிட்ச் அணைந்தால் அதற்கு அப்பாலுள்ள கருவிகள் எல்லாம் விழுந்ததாகவே எச்சரிக்கை குவியும்.