ரேஞ்ச்ஃபைண்டர் வச்சு ஆடுறது ஏமாத்துறதா? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

கோயம்புத்தூர்ல இருந்து எழுதுறேன். ரிட்டயர் ஆனப்புறம் கத்துக்கிட்ட கோல்ஃப், ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையைக் காட்டுற எண், குறைய குறைய நல்ல ஆட்டம்) இப்ப 19. பொறந்தநாளுக்கு என் பொண்ணு ஒரு லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்குற கருவி) வாங்கிக் குடுத்தா, ஏத்த இறக்கம், அதான் ஸ்லோப் எல்லாம் காட்டும். போன மாச மெடல் போட்டியில அதை எடுத்து பின்னை (குழியில நிக்கிற கொடிக்கம்பத்தை) பார்த்தேன், கூட ஆடுன சீனியர் மெம்பர் ஒருத்தர், "கண்ணால தூரம் பார்க்கத் தெரியாதவன் எதுக்கு ஆட வரணும், இது ஏமாத்து வேலை, கமிட்டில சொன்னா உங்களை டிஸ்குவாலிஃபை பண்ணிருவாங்க"ன்னு நாலு பேர் முன்னாடி சொல்லிட்டார். மனசு சங்கடமா போச்சு. அடுத்து ஊட்டியில ஒரு போட்டி இருக்கு, அங்க கொண்டு போலாமா? நான் தொடாம கேடி (பையைத் தூக்கிட்டுக் கூட வர்றவர்) கையில குடுத்து அளக்கச் சொன்னா பிரச்சனை வராதுல்ல? நிஜமாவே இது ஏமாத்துறதா சார்?

ஒரு வாசகர்

---

வணக்கம் சார்,

ஏமாத்து இல்ல. ஆனா "ஸ்லோப் எல்லாம் காட்டும்"னு போற போக்குல ஒண்ணு எழுதியிருக்கீங்க பாருங்க, அன்னைக்கு மெடல்ல அது ஆன்ல இருந்துச்சா ஆஃப்ல இருந்துச்சான்னு சொல்லவே இல்ல, விஷயமே அங்கதான் இருக்கு.

முதல்ல விதி. கோல்ஃப் விதிகளை எழுதுற ஆர் அண்ட் ஏ-வும் யுஎஸ்ஜிஏ-வும் 2019 ஜனவரி 1-ல கொண்டுவந்த புது விதிகள்படி தூரம் அளக்குற கருவிக்குப் பொதுவா அனுமதி உண்டு, ஒரு கிளப்புக்கு வேணாம்னு தோணுச்சுன்னா அவங்கதான் தனியா லோக்கல் ரூல் போட்டுத் தடுக்கணும். அதுக்கு முன்னாடி கதை தலைகீழ், 2006-ல இருந்து கிளப் லோக்கல் ரூல் போட்டு அனுமதிச்சாத்தான் எடுக்கலாம், போடாத இடத்துல அளந்தீங்கன்னா 2015 வரைக்கும் டிஸ்குவாலிஃபிகேஷன்தான். உங்க சீனியர் மெம்பர் மனசுல ஓடுறது அந்தப் பழைய விதி, அவரைக் குத்தம் சொல்ல முடியாது, அதுலயே வருஷக்கணக்கா ஆடியிருப்பார்.

ஸ்லோப் சமாச்சாரம் வேற. பந்து கிடக்குற இடத்துக்கும் பின்னுக்கும் நடுவுல எவ்வளவு ஏத்தம், எவ்வளவு இறக்கம்னு கணக்குப் போட்டு "150 யார்டுதான், ஆனா 162-க்கு அடி"ன்னு சொல்லுதே, போட்டியில அது கூடாது. ஹேண்டிகேப்புக்குக் குடுக்குற ஸ்கோர் கார்டுக்கும் கூடாது. அப்படிப் பார்த்து ஆடுனா ஸ்ட்ரோக் ப்ளேல (மொத்த அடியை எண்ணுற ஆட்டத்துல) ரெண்டு ஸ்ட்ரோக் பெனால்டி, அதே ரவுண்டுல மறுபடி அந்த மாதிரி விதியை மீறுனா வெளிய அனுப்பிருவாங்க. கருவியில ஸ்லோப் இருக்கிறதே தப்பான்னா, 2015 வரைக்கும் தப்புதான், ஆஃப் பண்ணி வச்சிருந்தாக்கூட ஒத்துக்க மாட்டாங்க. 2016-ல இருந்து ஆஃப்ல இருந்தா போதும்னு ஆயிருச்சு. அதனாலதான் இப்ப வர்ற மாடல் பலதுல பக்கவாட்டுல ஒரு ஸ்விட்ச் இருக்கும், ஸ்லோப் ஆஃப்ல இருக்குன்னு வெளிய இருந்தே தெரியுற மாதிரி கலரோ லைட்டோ வச்சிருப்பாங்க. டீ-ஆஃப் (முதல் அடி) பண்றதுக்கு முன்னாடி அதை உங்க ஸ்கோரைக் குறிக்கிற மார்க்கர்கிட்ட காட்டிருங்க, பாதி சண்டை அங்கயே முடிஞ்சிரும்.

தூரத்தை மட்டும் ஏன் விட்டாங்கங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச இடம். ரேஞ்ச்ஃபைண்டரை விடுங்க, வெறுங்கையோட ஆடுறீங்கன்னே வச்சுக்குவோம், கூட ஆடுறவர்கிட்ட "இங்க இருந்து பின் எவ்வளவு சார் இருக்கும்"னு கேக்கலாம், தப்பே இல்ல. ஆனா "இப்ப என்ன கிளப்ல (மட்டையில) அடிச்சீங்க"ன்னு கேட்டீங்கன்னா ரெண்டு ஸ்ட்ரோக். விதியைப் பொறுத்தவரைக்கும் ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு எவ்வளவு தூரம்ங்கிறது எல்லாருக்கும் பொதுவான தகவல், அதை வச்சு நீங்க எடுக்குற முடிவு மட்டும்தான் ஆட்டம். கருவிக்கும் இதே கோடுதான். காத்து எவ்வளவு வேகமா அடிக்குதுன்னு கோர்ஸ்ல நின்னு மீட்டர் வச்சு அளக்கக்கூடாது, ஆனா போன்ல வானிலை அறிக்கை பார்த்துக்கலாம். ஆப் தூரம் சொன்னா சரி, அதே ஆப் கிளப்பையும் தேர்ந்தெடுத்து "7 அயர்ன் எடு"ன்னு சொன்னா தப்பு. 2022-ல அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர், கிரீனோட (குழி இருக்கிற புல்தரையோட) சரிவைப் படம் போட்டுக் காட்டுற புத்தகங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்ததும் இந்த எண்ணத்துலதான், கிரீனைப் படிக்கிறது ஆட்டக்காரரோட வேலைன்னு.

"கண்ணால பார்க்கத் தெரியாதவன்"ங்கிற பேச்சுக்கு வருவோம். பெரிய ஆட்டக்காரங்க கண்ணால பார்க்குறதை எப்பவோ விட்டுட்டாங்க சார். 1961-ல பெபிள் பீச்ல அமெரிக்க அமெச்சூர் போட்டி, ஜாக் நிக்லஸ் அங்க ஆடப் போனப்ப, டீன் பீமன்னு இன்னொரு ஆட்டக்காரர் (பின்னாடி பிஜிஏ டூருக்கே கமிஷனரா இருந்தவர்) தான் கோர்ஸை நடந்து நடந்து காலடியால அளந்து குறிச்சு வச்சுக்குறதைப் பத்திச் சொல்றார், நிக்லஸும் அதே மாதிரி மரம், பங்கர் (மணல்குழி)னு ஒவ்வொண்ணுல இருந்தும் அளந்து எழுதிக்கிட்டு ஆடி அந்தப் போட்டியை ஜெயிச்சார். அப்புறம் கேடிங்க எல்லாரும் அதைப் புத்தகமாவே வச்சுக்கிட்டாங்க, கோர்ஸ்ல தண்ணி தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் மூடியிலயே நம்பர் போட ஆரம்பிச்சாங்க. நம்ம கிளப்லயும் 100, 150, 200-ன்னு குச்சி நட்டு வச்சிருக்கு, பத்து வருஷமா அதே கோர்ஸ்ல நடக்குற கேடி அண்ணன் புல்லைப் பார்த்தே "146 சார்"ன்னு சொல்லிருவார். உங்க சீனியர் மெம்பரும் அவரைக் கேட்டுத்தான் ஆடியிருப்பார், இல்லையா? நல்ல கேடி கிடைக்கிறவருக்கும் சொந்த கோர்ஸ்ல ஆடுறவருக்கும் மட்டும் இருந்த சௌகரியத்தை இந்தப் பெட்டி வெளியூர்ல இருந்து வர்ற 19 ஹேண்டிகேப்காரருக்கும் குடுக்குது, அவ்வளவுதான். எனக்கு அது நியாயமாத்தான் படுது.

ஒரு விஷயத்துல மட்டும் நான் அவர் கட்சி. 40 யார்டுல நின்னுக்கிட்டு, கண்ணுக்கு எதிர்ல பின் இருக்கு, அப்பவும் பையைத் தொறந்து, கருவியை எடுத்து, கை நடுங்கி மறுபடி அளந்து, மறுபடி உறைக்குள்ள போட்டு, அப்புறம் கிளப் எடுக்குற ஆளுங்க இருக்காங்களே, அவங்க பின்னாடி மாட்டிக்கிட்டா ரவுண்டே போச்சு. நம்ம முறை வந்ததும் 40 செகண்டுக்குள்ள அடிச்சிரணும்னு விதிப்புத்தகமே பரிந்துரைக்குது, அடுத்தவர் அடிக்கிறதுக்குத் தயாராகும்போதே நீங்க அளந்து முடிச்சிருக்கணும். கருவி வந்தா ஆட்டம் வேகமாகும்ங்கிற பேச்சும் பாதிதான் உண்மை. 2021-ல கியாவா ஐலண்ட்ல நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்ல, 50 வயசு ஃபில் மிக்கல்சன் ஜெயிச்சாரே அதுல, முதல் தடவையா அனுமதிச்சாங்க, அங்க பலர் லேசர்லயும் பார்த்துட்டு புத்தகத்தையும் புரட்டிட்டுத்தான் அடிச்சாங்க. பிஜிஏ டூர் 2025-ல ஆறு போட்டியில சோதனை பண்ணிப் பார்த்துச்சு, அதுலயும் ஸ்லோப்புக்கு அனுமதி கிடையாது.

இப்ப ஊட்டி. அங்க உங்க லேசர் ரெண்டு விதத்துல கை குடுக்காது. ஒண்ணு மூடுபனி. இந்தப் பெட்டி கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளித்துடிப்பை அனுப்பி அது பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பார்க்குது, 150 யார்டு போய்ட்டு வர ஒரு மைக்ரோசெகண்டுக்கும் கம்மி, பனி இருந்தா அது வழியிலயே சிதறிரும், ஒண்ணு நம்பரே வராது, இல்லன்னா பக்கத்துல இருக்கிற பனியையே அளந்து தப்பா ஏதாவது காட்டும். மேடு மறைச்சு பின் தெரியலன்னாலும் கதை அதேதான். அங்க ஜிபிஎஸ் வாட்ச் பரவாயில்ல, அஞ்சு யார்டு முன்ன பின்ன இருக்கும், ஆனா கிரீனோட முன்பக்கம், நடு, பின்பக்கம் மூணையும் சொல்லிரும். 

ரெண்டாவது உயரம். 7,000 அடிக்கு மேல காத்து லேசு, பந்து கோயம்புத்தூரை விட சுமாரா ஏழெட்டு சதவீதம் கூடப் போகும், இங்க 150 போற அடி அங்க 160-ஐத் தாண்டிரும், குளிர் கொஞ்சம் குறைச்சாலும் மிச்சம் இருக்கத்தான் செய்யும். லேசர் 150-ன்னு சொன்னா 150-தான், பொய் சொல்லாது, ஆனா உங்க 7 அயர்ன் அன்னைக்கு எவ்வளவு போகும்னு அதுக்குத் தெரியாது. அதனால முடிஞ்சா முந்தின நாளே போய் ஒரு ரவுண்ட் ஆடிருங்க, அது பிராக்டிஸ்தானே, ஸ்லோப்பை ஆன்லயே வச்சுக்கங்க, எந்த ஹோல்ல எவ்வளவு ஏத்தம் இறக்கம்னு ஒரு நோட்ல குறிச்சுக்கங்க. போட்டிக்கு முன்னாடி எடுத்த குறிப்பை ரவுண்டுல பார்க்குறதுக்கு விதியில தடை இல்ல.

இன்னொண்ணு, பின்னையே அளந்துக்கிட்டு இருக்காதீங்க. நம்ம ஹேண்டிகேப்ல நிறைய பந்து தூரம் பத்தாம ஷார்ட்டாத்தான் விழும், ஏன்னா என்னைக்கோ ஒரு நாள் நல்லாப் பட்டு 150 போனதைத்தான் நம்ம தூரம்னு மனசுல வச்சிருக்கோம். முன்னாடி இருக்கிற பங்கரைத் தாண்ட எவ்வளவு, கிரீனோட பின்பக்க ஓரம் எவ்வளவு, இது ரெண்டையும் அளங்க. பங்கருக்கு 141, பின் 150, பின்பக்க ஓரம் 168-ன்னு தெரிஞ்சா இன்னும் தூரம் போற கிளப்பா எடுக்கத் தைரியம் வரும்.

கேடி கையில குடுக்குறதைப் பத்திக் கேட்டிருந்தீங்க. தாராளமா குடுங்க, ஆனா தப்பிக்கிற வழின்னு நினைச்சுக் குடுக்காதீங்க. உங்களுக்காக கேடி செய்யுறதுக்கெல்லாம் விதிப்படி நீங்கதான் பொறுப்பு, அவர் ஸ்லோப்பை ஆன் பண்ணிப் பார்த்துட்டு "162-க்கு அடிங்க சார்"ன்னு சொன்னா பெனால்டி ரெண்டு ஸ்ட்ரோக்கும் உங்க கார்டுலதான் ஏறும். குடுக்கும்போது ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணிட்டு, ஏன் ஆஃப்ல இருக்கணும்னு அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்க.