பட்டுப்புழுவின் கட்டுகள்

வணக்கம் ஐயா. உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறோம். ஈ முட்டைக்குள் உடல் கட்டுக்கட்டாகப் பிரிவதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்க ஷெட்டில் எந்தப் புழுவை எடுத்தாலும் வால்பக்கக் கொம்பு ஒரே கட்டில்தானுங்க இருக்குது. ஈக்கு நடப்பதேதான் புழுவுக்கும் நடக்குதுங்களா?
ச., உடுமலை

அன்புள்ள ச.,

கடைசிப் படியில் ஆமாம். முதல் படியில் இல்லை.

பழ ஈ முட்டையின் முன்முனையில் தாயே பைகாய்டு என்ற மரபணுவின் செய்தியை வைத்துவிடுகிறது. அதிலிருந்து உண்டாகும் புரதம் பின்பக்கம் போகப்போகக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டு ஹன்ச்பேக், க்ரூப்பெல் போன்ற மரபணுக்கள் அகலமான பகுதிகளைப் பிரிக்கும். பிறகு ஈவன்-ஸ்கிப்டு என்ற மரபணு ஏழு பட்டைகளாகத் தெரியும். முட்டையிட்டு மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதுவரை ஆயிரக்கணக்கான உட்கருக்கள் நடுவே சுவரில்லாமல் ஒரே பையில் இருப்பதால்தான் இந்த வேகம். நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், வீஷாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த மரபணுக்களைத் தேடிப் பிடித்து 1980-ல் வெளியிட்டார்கள். 1995-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆனால் பைகாய்டு ஈ வகைகளில் ஒரு பிரிவுக்கு மட்டுமே உண்டு. உங்கள் புழுவிடம் அது கிடையாது. கம்பு மாவில் ஓடும் சிவப்பு வண்டிடமும் கிடையாது. அந்த வண்டின் கருவில் தலையும் மார்பும் முதலில் குறிக்கப்படும். வயிற்றுக் கட்டுகள் பின்முனையில் வளர வளர ஒவ்வொன்றாகச் சேரும். பவானி ஜமக்காளத்தில் ஊடைநூலின் நிறம் மாற மாறப் பட்டை விழுவதுபோல. அந்த வண்டின் கருவில் ஆட்-ஸ்கிப்டு மரபணு விட்டுவிட்டு இயங்குவதை 2012-ல் காட்டினார்கள். கோழிக் கருவிலும் தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஜோடி முதுகுக் கட்டு பிரிகிறது. அங்கே துடிக்கும் மரபணு, ஈயின் ஹேரி மரபணுவுக்கு உறவு. பூச்சிகளில் இந்த வரிசைமுறையே பழையது, ஈதான் பிறகு வழிமாறியது என்பதே என் கட்சி. பட்டுப்புழு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

இத்தனை வேறுபாட்டுக்குப் பிறகும் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன: ஒவ்வொரு கட்டின் பின்விளிம்பிலும் என்கிரெய்ல்டு என்ற மரபணு, அதற்கு ஒட்டி முன்னே விங்லெஸ் என்ற மரபணு. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி எல்லையைக் காக்கின்றன. தொடக்கம் மாறலாம், எல்லை குலையக் கூடாது. குலைந்தால் உயிரே இல்லை.

உங்கள் புழுவின் கொம்பு எட்டாவது வயிற்றுக் கட்டில் நிற்கிறது. பொய்க்கால்கள் மூன்று முதல் ஆறு வரை நான்கு ஜோடி, வாலில் ஒரு ஜோடி. எந்தக் கட்டு எதைத் தாங்குவது என்று தீர்மானிப்பவை ஹாக்ஸ் மரபணுக்கள். அவை பிசகிக் கூடுதல் கால் முளைத்த பட்டுப்புழு வகைகள் உண்டு. அப்படியொன்று உங்கள் தட்டில் வந்தால் ஒதுக்குவதற்கு முன் படம் எடுத்து அனுப்புங்கள்.