ஞாயிறு விருந்து: எதை எப்போது சமைப்பது?

கேள்வி: ஞாயிறு மதியம் மூன்று நட்புக் குடும்பங்களைச் சாப்பிட அழைத்திருக்கிறோம். எங்களோடு சேர்த்துப் பெரியவர்கள் 8, பிள்ளைகள் 4. எப்போதும் அவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் அடுப்படியில் நிற்கிறேன். கடைசியில் நிறைய மீந்தும் போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: என்ன சமைப்பது என்று யோசிக்கும்போதே, அதற்குக் கடைசி வேலை எப்போது வரும் என்றும் பாருங்கள். சுடச்சுடப் பொரித்து எடுக்கும் ஒன்று பட்டியலில் சேர்ந்தாலே நீங்கள் உட்கார முடியாது. விருந்தினர் வந்த பிறகு அடுப்பில் ஏறுவது சோறு மட்டுமாக இருக்கட்டும். கறிக்குழம்பு சனிக்கிழமையே தயாராகிவிடலாம். ஆறினாலும் சுவை குன்றாத காய் ஒன்று, நறுக்கிய பழம். இந்த நான்கு போதும், தயங்காதீர்கள்.

உங்கள் 12 பேருக்கு அரிசி 1 கிலோ, எலும்போடு கூடிய கோழி 2 கிலோ, காய் ஒன்றரைக் கிலோ சரியாக இருக்கும். பட்டியலில் இன்னொரு வகை சேர்த்தால் மற்றவற்றின் அளவைக் குறைத்தே ஆக வேண்டும். ஒவ்வொன்றையும் அது ஒன்றுதான் சாப்பாடு என்பதுபோல் செய்வதால்தான் இவ்வளவு மீந்துபோகிறது.

நாலு பேருக்கான கைக்கணக்கை அப்படியே மூன்றால் பெருக்கினால் ருசி தவறும். உப்பையும் காரத்தையும் இரண்டு மடங்கில் நிறுத்தி, கொதித்த பின் ருசி பார்த்துக் கூட்டுங்கள். பெரிய பாத்திரத்தில் அளவுக்கேற்ப நீர் வற்றாது என்பதால் குழம்புக்குத் தண்ணீர் மும்மடங்குக்குக் குறைவாகவே ஊற்றுங்கள். வெங்காயத்தை மொத்தமாகக் கொட்டினால் நீர் விட்டு வேகுமே தவிரச் சிவக்காது. இரண்டு மூன்று தடவையாக வதக்குங்கள்.

உறைந்த கோழி என்றால் வெள்ளிக்கிழமை காலையிலேயே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைந்தது இளக ஒரு நாளாவது ஆகும். சமைத்த குழம்பைப் பெரிய பாத்திரத்தோடு உள்ளே வைக்காதீர்கள். நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருந்து கெட்டுப்போகும். ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து, 2 மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். மறுநாள் நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும். சோற்றை மட்டும் அன்றன்றே வடியுங்கள். வெளியில் கிடந்த சோற்றில் கிருமி உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

அழைக்கும்போதே யாருக்கு எது ஒவ்வாது என்று கேட்டுவிடுங்கள். முட்டை, பால், நிலக்கடலை மூன்றையும் பெயர் சொல்லியே கேட்பது நல்லது. 12 மணிக்கு வரச்சொன்னால் பிள்ளைகளுக்கு 12.30, பெரியவர்களுக்கு 1 மணி. பசித்த பிள்ளைகளைக் காக்க வைத்தால் எல்லாருக்குமே அமைதி போய்விடும்.

மேசையைச் சுவரை விட்டு நகர்த்திப் போட்டால் இரண்டு பக்கமும் நின்று பரிமாறிக்கொள்ளலாம். தண்ணீரும் தம்ளர்களும் வேறு இடத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் அங்கேயே கூட்டம் தேங்கும். "நான் ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்பவரிடம் "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லாமல், பிள்ளைகளுக்குப் பரிமாறுவதை ஒப்படையுங்கள். விருந்தினர் வருமுன் தொட்டியைக் காலி செய்து, எச்சில் தட்டுகள் போட ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். மூன்றில் ஒரு பங்கைச் சூடு ஆறாமல் உள்ளேயே மூடி வைத்து, தீரத் தீர எடுத்து வாருங்கள். கரண்டி படாமல் மீந்ததை உடனே குளிர வைத்து மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம். மேசையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்ததை மட்டும் மனம் கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள்.