டிவிடியில் பூட் ஆகாத கம்ப்யூட்டர்: "பழுது" என்று எழுதினால் கேஸ் போச்சு

கேள்வி (சுருக்கி): வீட்டில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வைத்து ரவிக்கை டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். அதுதான் எங்கள் பிழைப்பு. டிசைன் சாஃப்ட்வேர் விண்டோஸ் 7-இல்தான் ஓடும். பழைய கம்ப்யூட்டர் போய்விட்டதால் போன வருஷம் ஆடித் தள்ளுபடியில் 48,000 ரூபாய்க்குப் புதிதாக அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் வாங்கினேன். கேட்டு வாங்கி டிவிடி டிரைவும் போட வைத்தேன். விண்டோஸ் 7 டிவிடியைப் போட்டால் இன்றுவரை பூட் ஆகவில்லை, அதாவது அதிலிருந்து கம்ப்யூட்டர் தொடங்கவே இல்லை. கடைக்காரர் முதலில் டிஸ்க் சரியில்லை என்றார், அப்புறம் டிரைவை மாற்றினார், கடைசியில் பத்துப் பேர் முன்னால் என்னை அவமானப்படுத்தி அனுப்பினார். கொட்டேஷனில் 'வின் 7 சப்போர்ட் ஓகே' என்று எழுதிக் கொடுத்ததும் பொய்யாகிவிட்டது. முகூர்த்த ஆர்டர் எல்லாம் கைவிட்டுப் போனது. கம்ப்யூட்டரை நிபுணரிடம் அனுப்பிச் சோதிக்கச் சொல்லி, 5 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி கடைக்காரர் பேசிய பேச்சுதான். உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் வழக்கு அதில் நிற்காது. அவர் எத்தனை தடவை அலையவிட்டார், யார் முன்னால் சத்தம் போட்டார் என்பதையெல்லாம் புகாரில் இரண்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள். நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு வரிதான் உங்கள் வழக்கு: கொட்டேஷனில் அவர் கைப்பட எழுதிய 'வின் 7 சப்போர்ட் ஓகே'. அந்தத் தாள் இருக்கிறதா? இருந்தால் மேலே படியுங்கள். இல்லையென்றால் வாங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் ஏதாவது கேட்டு அவர் "ஓடும்" என்று பதில் போட்டிருக்கிறாரா என்று முதலில் தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால் உங்களிடம் வழக்கே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் 'குறைபாடு' என்பதற்கு 2(10) பிரிவு கொடுக்கும் விளக்கத்தில் பொருள் உடைந்திருக்க வேண்டும், ஓடாமல் நிற்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. விற்பவர் அந்தப் பொருளைப் பற்றி எந்த விதத்தில் என்ன சொல்லி விற்றாரோ, அந்தத் தரத்துக்குப் பொருள் இல்லையென்றால் அதுவும் குறைபாடுதான். உங்கள் கம்ப்யூட்டரில் பழுது எதுவும் இருக்காது என்றே நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய பில்லில் பிராசஸர் 12-ஆம் தலைமுறை இன்டெல், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 11-ஆம் தலைமுறையிலிருந்தே இன்டெல்லின் உள்ளமைந்த கிராபிக்ஸை மட்டும் வைத்துப் பழைய முறையில், அதாவது லெகசி பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் பழைய வகை அடிப்படை மென்பொருள்) வழியில், பூட் செய்ய முடியாது. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் சிஎஸ்எம் என்ற அந்த வாய்ப்பே மங்கலாக, அழுத்த முடியாமல் கிடக்கும். புதிய யூஇஎஃப்ஐ முறையில் விண்டோஸ் 7 டிவிடியை ஏற்ற முயன்றால் செக்யூர் பூட் என்ற பாதுகாப்புப் பூட்டு தடுக்கும், அதை அணைத்தாலும் பெரும்பாலும் லோகோவிலேயே நின்றுவிடும். அதையும் தாண்டிப் போனவர்களுக்கு யூஎஸ்பி 3 டிரைவர் இல்லாமல் கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாது. மைக்ரோசாஃப்ட் 7-ஆம் தலைமுறை இன்டெல்லிலிருந்தே விண்டோஸ் 7-க்கு ஆதரவு தரவில்லை, 2020 ஜனவரி 14-உடன் விண்டோஸ் 7-க்கான பொதுவான ஆதரவையே நிறுத்திவிட்டது. ஆக டிரைவை மாற்றியது, சாட்டா கேபிளை மாற்றியது, பூட் வரிசையில் டிவிடியை மேலே தூக்கி வைத்தது எல்லாம் வீண்வேலை. கடைக்காரருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், தெரியாமல் 'ஓகே' என்று எழுதினார் என்றாலும் பொறுப்பு அவருடையதுதான்.

இப்போது நீங்கள் கேட்ட நிபுணர் சோதனைக்கு வருகிறேன். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். நல்ல வழக்கைக் கையில் வைத்திருக்கிற ஆட்களே மண்ணைக் கவ்வுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் இடம் இதுதான். புகாரில் "கம்ப்யூட்டர் பழுதானது, உற்பத்திக் குறைபாடு உள்ளது, டிவிடி டிரைவ் வேலை செய்யவில்லை" என்று ஆத்திரத்தில் எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் 38-வது பிரிவின்படி நுகர்வோர் ஆணையம் பொருளை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம், 45 நாளில் அறிக்கை கேட்கலாம், அதற்கான கட்டணத்தையும் உங்களைத்தான் கட்டச் சொல்லும். சோதிப்பவர் என்ன செய்வார்? ஒரு விண்டோஸ் 11 டிஸ்க்கையோ பென்டிரைவையோ போடுவார், அது அழகாக பூட் ஆகும், டிரைவ் படிக்கும், மதர்போர்டில் எல்லா போர்ட்டும் வேலை செய்யும். "சாதனத்தில் எந்தக் கோளாறும் காணப்படவில்லை" என்று ஒரு வரி அறிக்கை வரும். நீங்களே கேட்டு, நீங்களே பணம் கட்டி வாங்கிய அறிக்கை அது. அதற்கப்புறம் கொட்டேஷனை நீட்டி "இல்லை ஐயா, நான் சொல்ல வந்தது வேறு" என்று திருத்தப் போனால், பழுது என்று புகாரில் எழுதியது பொய்யா என்று எதிர்தரப்பு வக்கீல் கேட்பார், அதற்கு உங்களிடம் நல்ல பதில் இருக்காது.

அதனால் 'பழுது' என்ற சொல்லே உங்கள் நோட்டீஸிலோ புகாரிலோ வரக்கூடாது. விண்டோஸ் 7-க்காகத்தான் வாங்குகிறேன் என்று சொன்னேன், ஓடும் என்று எழுதிக் கொடுத்தார், இந்த வகைக் கம்ப்யூட்டரில் அது ஓட வழியே இல்லை என்று மட்டும் எழுதுங்கள். மதர்போர்டு கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலுக்கு எந்தெந்த இயங்குதளம் என்று பட்டியல் இருக்கும், அதை அச்செடுத்து ஆவணமாக வையுங்கள். ஆய்வகமே தேவைப்படாது. மைக்ரோசாஃப்ட் 2020-இலேயே நிறுத்திவிட்டது என்று கடைக்காரர் பதிலுரையில் கட்டாயம் சொல்வார். சொல்லட்டும், போன வருஷம் நீங்கள் எதை வைத்து 'ஓகே' என்று எழுதினீர்கள் என்பதுதான் அதற்குக் கேள்வி.

அடுத்த ஆபத்து அந்த டிவிடியேதான். "மெஷின் காரர் காப்பி போட்டுக் கொடுத்தது, மேலே மார்க்கரில் எழுதியிருக்கும்" என்று வெள்ளந்தியாக எழுதியிருக்கிறீர்கள். அதை ஆதாரமாக ஆணையத்தில் தூக்கிக் கொண்டு போகப் போகிறீர்களா? பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேரைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது. லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ இல்லையென்றால் சிறையில்லாமல் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடம் உண்டு, ஆனால் உங்களுடையது தொழில். பூட்டே ஆகாத டிஸ்க்குக்காக யாரும் உங்களை உள்ளே தள்ள மாட்டார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் உரிமம் இல்லாத சாஃப்ட்வேரை ஏற்ற முயன்றுவிட்டு எங்கள் மேல் பழி போடுகிறார் என்று எதிர்தரப்பு ஒரு பத்தி எழுதினால் வழக்கின் முகமே மாறிவிடும். பழைய கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்த விண்டோஸ் ஸ்டிக்கரும் காப்பாற்றாது, கம்பெனியே போட்டுக் கொடுத்த உரிமம் அந்தப் பெட்டியோடு சரி, புதிய பெட்டிக்கு வராது. பொய் சொல்லச் சொல்லவில்லை. உறுதிமொழிப் பத்திரத்தில் பொய் எழுதினால் நானே வழக்கை விட்டு விலகிவிடுவேன். அந்த டிஸ்க் உங்கள் வழக்குக்குத் தேவையே இல்லை என்கிறேன். எந்த விண்டோஸ் 7 டிஸ்க்கைப் போட்டாலும் இதே கதைதான், கம்பெனியின் பட்டியல் போதும்.

அப்புறம் அந்த 'தெரிந்த பையன்'. பயாஸை அப்டேட் செய்தான், கேபினட்டைத் திறந்து ஏதோ மாற்றினான் என்கிறீர்கள். இனி யாரும் தொடக்கூடாது. பயாஸ் அப்டேட் பாதியில் கெட்டால் மதர்போர்டே செத்துவிடும், வாரன்டி ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் "வெளியாள் கைவைத்ததால்தான்" என்ற ஒரே வாக்கியத்தில் கடைக்காரர் தப்பித்துவிடுவார். அவனிடம் ஏதாவது பாகம் இருந்தால் இன்றைக்கே வாங்கி வையுங்கள். கடைக்காரர் டிரைவ் மாற்றியபோது சர்வீஸ் தாளில் கையெழுத்து வாங்கினாரா என்றும் பாருங்கள். சிறிய எழுத்தில் 'குறை நீக்கப்பட்டது, திருப்தி' என்று இருக்கும், படிக்காமல் போட்டுவிட்டு வந்தவர்கள் ஏராளம். போட்டிருந்தால் என்னிடம் மறைக்க வேண்டாம், எப்படியும் எதிர்தரப்பு அதைத்தான் முதல் ஆவணமாகப் போடும்.

பில் உங்கள் தொழில் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு இருக்கிறது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை என்று ஆட்சேபணை வரும். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கினால் நுகர்வோர்தான் என்று நுகர்வோர் சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கமே சொல்கிறது. கோவை பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்தரப்பாக இருந்த லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் இதை விரிவாக விளக்கியது. ஆனால் அந்த வழக்கில் வாங்கியவர் தோற்றார், காரணம் அவர் செய்த தொழிலின் அளவு. நீங்களே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள், கூட ஒருவரோ இருவரோ உதவிக்கு இருக்கிறார்கள் என்றால் சிக்கல் இல்லை. "முகூர்த்த ஆர்டர் போச்சு, மாதம் இத்தனை ஆயிரம் லாபம் போச்சு" என்று 5 லட்சத்தை நியாயப்படுத்தப் பெரிய கணக்குப் போட்டால் நீங்களே உங்களைப் பெரிய வியாபாரி ஆக்கிக்கொள்கிறீர்கள். கணக்கு ஊத, ஊத வழக்கு சுருங்கும்.

காலக்கெடு: 69-வது பிரிவின்படி இரண்டு வருஷம். கடைக்காரர் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் அது நீளாது, நீங்கள் நோட்டீஸ் விட்டாலும் நீளாது. வாங்கிய தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்காகப் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுச் சான்றிதழ் தேவைப்பட்டால் அந்தப் போனே வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் ஆலோசனை: வழக்குப் போகாமல் முடியுங்கள். சோதனை தேவையில்லாத புகாரை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அப்படி முடிவதில்லை. உங்களுக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடியது பொருளின் விலை, கொஞ்சம் நஷ்டஈடு, கொஞ்சம் வழக்குச் செலவு. 5 லட்சம் கிடைக்காது, அந்தத் தொகையை மறந்துவிடுங்கள். அதுவரை மெஷின் சும்மா நிற்கும், உங்கள் வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

கொட்டேஷன் நகலோடு, 'பழுது' என்ற சொல் இல்லாமல், ஒரு பக்கத்தில் வக்கீல் நோட்டீஸ் விடுங்கள், 15 நாள் கெடு கொடுங்கள். கேட்க வேண்டியது இதுதான்: இந்தக் கம்ப்யூட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, 6-ஆம் தலைமுறைக்கு மேல் போகாத, விண்டோஸ் 7 உரிமம் ஒட்டியே வரும் செகண்ட் ஹேண்ட் பிராண்டட் டெஸ்க்டாப் ஒன்றைக் கொடுத்து, மீதிப் பணத்தைத் தர வேண்டும். ஒரு வருஷம் வைத்திருந்ததற்குக் கொஞ்சம் கழிப்பார், கழிக்கட்டும், ஐந்தாயிரம் ஆறாயிரத்துக்காகப் பேச்சை முறிக்காதீர்கள். கடைக்காரர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால் எதுவும் நடக்காது, அதையும் விடுங்கள். ஒப்பந்தத்தைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் உங்கள் டிசைன் சாஃப்ட்வேரை டாங்கிளோடு (உரிமத்துக்காகச் செருகும் சிறு சாதனம்) அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எம்பிராய்டரி மெஷினுக்கு ஒரு டிசைன் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கொடுங்கள். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் வராது, அதனால் அந்தப் பெட்டியை இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள்.

15 நாளில் பதில் வரவில்லையென்றால் கொட்டேஷனின் அசலோடு என்னை வந்து பாருங்கள். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.