ஓட்டு ஊரில், சாக்கடை இங்கே

அன்புள்ள ஐயா,

வேலைக்காகப் பெங்களூர் வந்து பெல்லந்தூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு அபார்ட்மெண்டில் இருக்கிறேன். ஏரிக்காக மனு கொடுக்கிறோம், ஊர்வலம் போகிறோம். எங்கள் குழுவில் ஒருவர் வார்டு தேர்தலில் நிற்கவேண்டும் என்று பேச்சு. அரசியலுக்குப் போனால் இயக்கம் கெட்டுவிடாதா? எல்லாக் கட்சியும் ஒன்றுதானே? எனக்கு ஓட்டு ஓசூர் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறது. அப்பா அங்கே கெலவரப்பள்ளிப் பாசனத்தில் விவசாயம் செய்கிறார்.

எம்.

அன்புள்ள எம்.,

கடைசி இரண்டு வரியைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். கொஞ்ச நாளாக நான் யோசித்துக்கொண்டிருப்பதே அதைத்தான்.

உங்கள் நண்பர் நிற்கட்டும். இயக்கம் கெடும் என்பதெல்லாம் வீண் பயம். எல்லாக் கட்சியும் ஒன்று என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. 2016 அக்டோபரில் ஸ்டீல் ஃப்ளைஓவர் வேண்டாம், 812 மரங்களை வெட்டாதே என்று இங்கே ஜனங்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அடுத்த மார்ச்சில் அரசே திட்டத்தைக் கைவிட்டது. சட்டசபைத் தேர்தலுக்கு அப்போது ஒரு வருடத்துக்குக் கொஞ்சம்தான் மேலே இருந்தது. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இப்போது ஓட்டுக்கு வருகிறேன். பெல்லந்தூரில் சேருகிற சாக்கடை எங்கே போகிறது, தம்பி? அங்கிருந்து வர்த்தூர் ஏரி, பிறகு தென்பெண்ணை, பிறகு கெலவரப்பள்ளி அணை. துணி சோப்பும் மலமும் சுத்திகரிக்கப்படாமல் கலந்த தண்ணீர், மதகில் விழுந்து அடிபட்டு நுரைக்கிறது. ஓசூர் பக்கம் அந்த நுரை தரைப்பாலத்தையே மூடியிருக்கிறது. உங்கள் அப்பா பாய்ச்சுவது அந்தத் தண்ணீரைத்தான். அழுக்கு கிளம்புகிற இடத்தில் உங்களுக்கு ஓட்டு இல்லை, போய்ச் சேருகிற இடத்தில் இருக்கிறது. ஓசூர் எம்எல்ஏ பெங்களூரில் ஒரு குழாயைக்கூட மாற்ற முடியாது.

2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்து எரிந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, 2018 டிசம்பரில் மாநில அரசுக்கு 50 கோடி அபராதம் போட்டது. போடட்டும். அது நம் வரிப்பணம். அபராதத்தால் யாருக்கும் பதவி போகவில்லையே.

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் பூ விற்கிற அம்மா ஒருவர் இருந்தார். குழாயில் சாக்கடை கலந்து வந்தபோது ஒரு கோக் பாட்டிலில் அதைப் பிடித்துக்கொண்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கருப்பு மண்டி. மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தார், அறை முழுக்க நாற்றம். "குடீரி சார்" என்றார். அப்புறம் தமிழில், "எங்க தெருவுல எத்தன ஓட்டுன்னு உங்களுக்கே தெரியும்." அந்த வாரமே குழி தோண்டினார்கள். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மனு என்ற ஒன்றை அவர் வாழ்க்கையில் எழுதியதில்லை.

2020 செப்டம்பரில் மாநகராட்சிக் கவுன்சிலர்களின் காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லாமல் ஐந்து வருடத்துக்கும் மேலாக இந்த நகரத்தை அதிகாரிகளே நடத்தினார்கள். 2025இல் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்ததும் நடந்தது. பாட்டிலைக் கொண்டுபோய் யார் மேஜையில் வைப்பது? இதற்கு உங்கள் குழு ஒரு ஊர்வலமாவது போனதா? 2015இல் தேர்தல் நடந்தபோதும் நகரத்தில் பாதிப்பேர்கூட ஓட்டுப் போடவில்லை. ஏரிக்கரையில் போட்டோ எடுக்கக் கூட்டம் கூட்டத் தெரிகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஊரில் பெயரை எடுத்துவிட்டால் ஊரே கைவிட்டுப் போனதுபோல இருக்கும், அப்பாவும் மனசு வருத்தப்படுவார். புரிகிறது. நிலமும் குலசாமியும் இருக்கிற இடத்தில்தான் நம் பெயரும் இருக்கவேண்டும் என்று நமக்குத் தோன்றும். தப்பில்லை. ஆனால் அவர் வயலுக்கு நல்ல தண்ணீர் போகவேண்டும் என்றால் அதற்குச் சண்டை போடவேண்டிய இடம் பெல்லந்தூர். அவரிடம் இதை நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள், போனில் வேண்டாம்.

பெயரை இங்கே மாற்றப் படிவம் 8. ஆன்லைனிலேயே போடலாம், முகவரிக்கு ஒரு சான்று போதும். போட்டுவிட்டு எழுதுங்கள், உங்கள் குழுவில் எத்தனை பேருக்கு இந்த வார்டில் ஓட்டு இருக்கிறது என்ற கணக்கோடு. நிற்கப்போகிற நண்பரைப் பற்றி அப்புறம் பேசலாம்.