கிளிக் குவிகிறது, ஆட ஆள் வரவில்லை: கேம் விளம்பரம் பற்றிய கேள்வி பதில்

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் கேமுக்கு விளம்பரம் செய்யத் தொடங்கியிருப்பவர்களின் கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். கூகுள் விளம்பரம் என் துறை இல்லை.

கோவை: சார், ஆடு புலி ஆட்டத்தை ஆண்ட்ராய்டு கேமாகச் செய்திருக்கிறேன். ஃபேஸ்புக்கில் 6,000 ரூபாய் செலவழித்தேன். 4,100 கிளிக் வந்தது. ஆப் வெளியிடுபவர்களுக்குக் கூகுள் தரும் பிளே கன்சோல் பக்கத்தில் பார்த்தால் இன்ஸ்டால் 38. மற்றவர்கள் எங்கே போனார்கள்?

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் விளம்பர நோக்கம் ‘டிராஃபிக்’ என்று இருக்கிறது. அதாவது, கிளிக் செய்பவர்களைப் பிடித்துத் தாருங்கள் என்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்திடம் கேட்டிருக்கிறீர்கள். எதைக் கண்டாலும் தட்டிப் பார்ப்பவர்கள் யார் என்று அதற்குத் தெரியும். அவர்களை மலிவாகப் பிடித்துத் தந்துவிட்டது. இன்ஸ்டால் வேண்டுமென்றால் ‘ஆப் புரமோஷன்’ நோக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முன் கேமை மெட்டாவின் டெவலப்பர் தளத்தில் பதிவு செய்து, மெட்டா தரும் எஸ்டிகே என்ற நிரல் தொகுப்பைக் கேமுக்குள் சேர்க்க வேண்டும். எந்த விளம்பரத்தால் இன்ஸ்டால் வந்தது என்று அளக்கும் ஆப்ஸ்ஃபிளையர், அட்ஜஸ்ட் போன்ற சேவை வழியாகவும் செய்யலாம். யார் நிறுவினார், யார் மூன்றாவது கட்டம் வரை ஆடினார் என்ற தகவல் மெட்டாவுக்குப் போனால்தான் அப்படிப்பட்ட ஆட்களைத் தேட அதனால் முடியும்.

அடுத்து, விளம்பரங்களை நிர்வகிக்கும் ஆட்ஸ் மேனேஜர் பக்கத்தில் ‘பிரேக்டவுன்’ என்பதைத் திறந்து, விளம்பரம் எங்கெங்கே காட்டப்பட்டது என்று பாருங்கள். உங்கள் கிளிக்கில் பெரும்பகுதி ‘ஆடியன்ஸ் நெட்வொர்க்’ என்ற வரிசையில் கிடக்கிறது. மற்றவர்களின் ஆப்களுக்குள் வரும் விளம்பர இடம் அது. யாரோ ஒருவர் வேறொரு கேமை மும்முரமாக ஆடிக்கொண்டிருக்கிறார். நடுவில் உங்கள் விளம்பரம் வருகிறது. மூடும் குறி திரையின் மூலையில் அரிசி அளவில் இருக்கிறது. கட்டைவிரல் கொஞ்சம் தள்ளிப் படுகிறது, பிளே ஸ்டோர் திறக்கிறது, அவர் எரிச்சலோடு பின்னால் போகிறார். கணக்கில் அதுவும் ஒரு கிளிக். அதற்காக அந்த இடத்தையே அடைத்துவிட வேண்டாம். நோக்கம் இன்ஸ்டால் என்று மாறிய பிறகு அங்கிருந்தும் நல்ல ஆட்டக்காரர்கள் வருவார்கள்.

மூன்றாவது, உங்கள் பிளே ஸ்டோர் பக்கம். விளம்பரம் அழகான தமிழில் இருக்கிறது. தட்டி உள்ளே போனால் எல்லாம் ஆங்கிலம். முதல் படம் வெறும் லோகோ. புலியும் ஆடும் நான்காவது படத்தில்தான் வருகின்றன. பிளே கன்சோலில் தமிழ் விவரப் பக்கம் தனியாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. இன்றே சேர்த்துவிடுங்கள்.

சேலம்: பதிவின் கீழே வரும் ‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்தினால் போதாதா?

போதாது. லைக் வரும்.

மதுரை: ஒரு நாளைக்கு 200 ரூபாய் போடுகிறேன். ஐந்து வகைப் பார்வையாளர்களுக்கு ஐந்து ஆட் செட், அதாவது ஐந்து தனித்தனி விளம்பரத் தொகுப்பு. தினமும் மாற்றிப் பார்த்தும் ‘லேர்னிங்’ என்ற சொல் போகவே மாட்டேன் என்கிறது.

தினமும் மாற்றுவதால்தான் போகவில்லை. யாருக்குக் காட்டினால் பலன் என்று மெட்டா கற்கும் கட்டம்தான் அந்த ‘லேர்னிங்’. அதை ஒரு ஆட் செட் தாண்ட வாரத்துக்கு ஏறக்குறைய 50 முடிவுகள், உங்கள் விஷயத்தில் 50 இன்ஸ்டால், வேண்டும். உங்களுக்கு ஒரு இன்ஸ்டாலுக்கு 20 ரூபாய் ஆகிறது என்கிறீர்கள். 200 ரூபாயை ஐந்தாகப் பிரித்தால் ஒன்றுக்கு 40 ரூபாய், நாளுக்கு இரண்டு இன்ஸ்டால், வாரத்துக்கு 14. ஐந்தும் பாதி வழியில் நிற்கும். எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் வாரத்துக்கு 70 வரும். வீடியோவையோ பார்வையாளரையோ மாற்றினாலும், பட்ஜெட்டைப் பெரிதாக ஏற்றினாலும், கற்றல் முதலிலிருந்து தொடங்கும். ஒரு வாரம் கைவைக்காதீர்கள்.

ஓசூர்: 1,000 ரூபாய் ஏற்றினேன், 847 தான் காட்டுகிறது. திருடிவிட்டார்களா?

18 சதவீத ஜிஎஸ்டி. 1,000-ஐ 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள்.

சென்னை: ரம்மி ஆப் ஒன்றுக்குக் கமிஷன் அடிப்படையில் ஆள் சேர்க்கிறேன். விளம்பரம் நிராகரிக்கப்படுகிறது. வினாடி வினா போலக் காட்டி ஓட்ட வழி உண்டா? ரம்மி திறன் விளையாட்டு என்று உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே?

சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது, தமிழ்நாடு அரசின் 2022-ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் பற்றி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் திறனா, அதிர்ஷ்டமா என்று பார்ப்பதில்லை. பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டம் என்றாலே தடை. அதை விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். வழி சொல்ல மாட்டேன். இதே கேள்வியை வேறு வேறு வேடத்தில் அனுப்பியிருக்கும் மற்றவர்களுக்கும் இதுதான் பதில்.

திருநெல்வேலி: கிளிக் நிறைய, இன்ஸ்டால் குறைவு. ஏன்?

கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஈரோடு: அண்ணா, என்னுடையது மூன்று மிட்டாயை வரிசையாகச் சேர்க்கும் கேம். விளம்பரத்தில் மட்டும் ஊசியை இழுத்து ஒருவரைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றும் புதிரைக் காட்டினேன். இன்ஸ்டால் 14 ரூபாயிலிருந்து 6 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. இதில் தவறு உண்டா?

உண்டு. ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் கேம்களின் ஊசிப் புதிர் விளம்பரங்களை 2020-இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் தவறாக வழிநடத்துபவை என்று தடுத்தது. எல்லாப் படங்களும் உண்மையான ஆட்டம் அல்ல என்று கீழே ஒரு வரி போட்டிருந்தார்கள். அந்த வரி போதாது என்று ஆணையம் சொல்லிவிட்டது.

நாமக்கல் குறுக்கிடுகிறார்: பெரிய நிறுவனமெல்லாம் இன்றும் அதைத்தானே செய்கிறது? புதிரைக் கேமுக்குள் ஓரமாக வைத்துவிட்டால் பொய் ஆகாதே!

அந்த வழக்கிலும் புதிர் உள்ளே இருக்கிறது என்றுதான் நிறுவனம் வாதிட்டது. ஆட்டத்தின் பெரும்பகுதி அப்படி இல்லை என்பதால் வாதம் எடுபடவில்லை. மேலும், பெரிய நிறுவனம் தாங்கும் அடியை நீங்கள் தாங்க மாட்டீர்கள்.

ஈரோடு: சட்டம் கிடக்கட்டும் அண்ணா. 6 ரூபாய்க்கு வேறு எங்கே ஆள் கிடைப்பார்?

சரி, பணமே பேசுவோம். மறுநாளும் திரும்பி வருபவர்கள் எத்தனை சதவீதம் என்று சொல்லுங்கள்.

ஈரோடு: பழைய விளம்பரத்தில் 25. இதில் 5.

ஆயிரம் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி விளம்பரத்துக்கு 6,000 ரூபாய் ஆகிறது, மறுநாள் 50 பேர் இருக்கிறார்கள். தலைக்கு 120 ரூபாய். மிட்டாய் விளம்பரத்துக்கு 14,000 ரூபாய், 250 பேர். தலைக்கு 56. எது மலிவு? ஏமாந்த 950 பேரில் சிலர் சும்மா போக மாட்டார்கள், ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்கள். பிளே ஸ்டோர் இப்போது நாட்டுவாரியாக மதிப்பெண் காட்டுகிறது. இந்தியர்கள் போட்ட ஒற்றை நட்சத்திரத்தை அடுத்து வரும் இந்தியர்தான் முதலில் பார்ப்பார். நீங்கள் காசு கொடுத்து வரவழைக்கும் ஆளும் அவர்தான்.

நாமக்கல்: அப்படியானால் மக்களுக்குப் பிடித்த புதிரைக் காட்டவே கூடாதா?

காட்டுங்கள். பிடித்திருக்கிறது என்று உங்கள் காசிலேயே தெரிந்துவிட்டதே! அந்தப் புதிரை உண்மையாகவே செய்து, நிறுவியவர் முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஆடும்படி வையுங்கள், தொடர்ந்தும் வரட்டும். எண்பதாவது கட்டத்தில் ஒளித்து வைக்காதீர்கள்.

யாழ்ப்பாணம்: அண்ணா, தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்று செய்திருக்கிறேன். இலங்கை, இந்தியா, கனடா மூன்றையும் ஒரே ஆட் செட்டில் போட்டு, மொழியைத் தமிழ் என்று வைக்கலாமா?

மூன்றையும் சேர்த்தால் காசு மலிவான இடத்துக்கு ஓடும், கனடாவில் ஒருவர் கண்ணிலும் படாது. கனடாவுக்குத் தனி ஆட் செட், தனி பட்ஜெட் வையுங்கள். மொழி வடிகட்டியைத் தொடாதீர்கள். ஃபேஸ்புக்கை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழ் படிப்பவர்கள் ஏராளம், அவர்களை இழந்துவிடுவீர்கள். வீடியோவின் முதல் நொடியிலேயே தமிழ் எழுத்து பெரிதாக வரட்டும். படிக்கத் தெரியாதவர் தானாகக் கடந்து போவார்.

வேலூர்: எட்டு வயதுக் குழந்தைகளுக்கு அ, ஆ கற்பிக்கும் கேம். அந்த வயதினருக்கு எப்படி விளம்பரம் காட்டுவது?

காட்ட முடியாது. கணக்குத் தொடங்கவே 13 வயது ஆக வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதைத் தடுக்கும் விதி இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இருக்கிறது. பெற்றோருக்குக் காட்டுங்கள். ஃபோனைக் கையில் கொடுப்பவர் அவர்தானே?

சிங்கப்பூர்: ஐஃபோனில் மட்டும் மெட்டா காட்டும் இன்ஸ்டாலும் ஆப்பிள் காட்டுவதும் ஒத்துப்போவதில்லை.

ஒத்துப்போகாது. 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், பயனர் அனுமதி தந்தால்தான் அவர் எந்த விளம்பரத்தைப் பார்த்து நிறுவினார் என்று ஆப்கள் பின்தொடர முடியும். மீதி கணக்கு ஆப்பிள் வழியாகத் தாமதமாக, அரைகுறையாக வரும். முதல்முறை செய்பவர் என்றால் ஆண்ட்ராய்டில் தொடங்குங்கள்.

தஞ்சாவூர்: கிளிக் வருகிறது, இன்ஸ்டால் வரவில்லை.

கோவை. மேலே. முதல் கேள்வி.

ஈரோடு: அண்ணா, கடைசியாக ஒன்று. அந்தப் புதிரைச் செய்து சேர்க்க இரண்டு வாரம் ஆகும். அதுவரை ஊசி விளம்பரம் ஓடட்டுமா?

நிறுத்துங்கள். மிட்டாய் விளம்பரத்தைத் திரும்ப ஓடவிட்டு, ஒரு வாரம் கைவைக்காமல் இருங்கள்.