முதல் பிரசவத்துக்கும் குழந்தையோடு கழியும் முதல் வாரத்துக்கும் எப்படித் தயாராவது?

உங்களுக்கு இப்போது 35 வாரம், இது முதல் பிரசவம். பையில் என்னென்ன எடுத்து வைப்பது, வலி வந்துவிட்டதென்று எப்படித் தெரிந்துகொள்வது, பிறந்த குழந்தையை முதல் சில நாள் எப்படிக் கவனிப்பது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசி வாரங்களைப் பலரும் பை அடுக்குவதிலேயே கழித்துவிடுகிறார்கள். பையில் ஏதாவது மறந்துபோனால் யாராவது வாங்கி வந்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் இரண்டு கணக்கு உங்களுக்கும் உங்களோடு இருக்கப்போகிறவருக்கும் கைவந்திருக்க வேண்டும். ஒன்று, வலிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்ப்பது. இன்னொன்று, நனைந்த டயப்பரை எண்ணுவது. எப்போது கிளம்ப வேண்டும் என்பதை முதல் கணக்கு சொல்லும். குழந்தைக்குப் பால் போதுகிறதா என்பதை இரண்டாவது சொல்லும்.

மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதியைக் கல்லில் பொறித்ததாக நினைக்காதீர்கள். அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். 37 வாரம் முடிந்ததிலிருந்து எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம் என்பதால் 36-வது வாரத்திலேயே பையைத் தயார் செய்துவிடுங்கள். பரிசோதனைக் கோப்பும் ரத்த வகைச் சீட்டும் எல்லாவற்றுக்கும் மேலே, கையை விட்டதும் எடுக்கும்படி இருக்கட்டும். முன்பக்கம் திறக்கும் தளர்ந்த நைட்டி இரண்டு மூன்று, பிரசவத்துக்கென்று உள்ள பெரிய பேட் இரண்டு பாக்கெட், இடுப்பு வரை ஏறும் பருத்தி உள்ளாடை (சிசேரியன் ஆனால் தையலில் உரசாது), நீளமான ஒயர் உள்ள சார்ஜர், குழந்தைக்கு ஐந்தாறு சட்டை, மெல்லிய போர்வை, தொப்பி, பிறந்த குழந்தை அளவு டயப்பர் ஒரு பாக்கெட். இவ்வளவு போதும். குழந்தையின் துணிகளை ஒருமுறை துவைத்து வையுங்கள்.

34, 35 வாரத்திலிருந்து செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு, பலருக்கும் யாரும் இதைச் சொல்வதில்லை. பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தசையை மெல்ல நீவிப் பழக்குவது. முதல் பிரசவத்தில் தையல் தேவைப்படும் அளவுக்குக் கிழிவதை இது ஓரளவு குறைக்கிறது. கையை நன்றாகக் கழுவி, நகம் வெட்டி, மணமில்லாத எண்ணெய் தொட்டு, கட்டைவிரலை 3 செ.மீ. அளவு உள்ளே வைத்துக் கீழ்ப்பக்கமாகவும் பக்கவாட்டிலும் அழுத்துங்கள். லேசான எரிச்சல் தெரிகிற இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். மொத்தம் ஐந்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகச் சொல்லியிருந்தாலோ, ரத்தக் கசிவோ தொற்றோ இருந்தாலோ, பனிக்குடம் உடைந்துவிட்டாலோ இதைச் செய்யக் கூடாது.

இனி வலி. பொய் வலியில் வயிறு கல் போல இறுகும், பிறகு விட்டுவிடும். எட்டு நிமிடத்தில் ஒன்று, இருபது நிமிடத்தில் ஒன்று என்று ஒழுங்கில்லாமல் வரும். தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்து, இடது பக்கம் சாய்ந்து ஒரு மணி நேரம் படுத்தால் அடங்கும். உண்மையான வலி எந்தப் பக்கம் படுத்தாலும் அடங்காது. இடைவெளி குறையும், ஒவ்வொரு வலியும் நீளும், வலுவும் கூடும். நடுவில் பேச்சு வராமல் நிற்கும் கட்டம் வந்தால் அது உண்மையான வலிதான்.

இடைவெளியை எண்ணுவதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று: ஒரு வலி முடிந்த நேரத்திலிருந்து எண்ணுவது. ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எண்ண வேண்டும். 10:00-க்குத் தொடங்கி 10:01-க்கு விட்டு, அடுத்தது 10:05-க்கு வந்தால் இடைவெளி ஐந்து நிமிடம், நான்கு அல்ல. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். வீடு தூரமாக இருந்தாலோ, உங்கள் மருத்துவர் வேறு கணக்குச் சொல்லியிருந்தாலோ அதற்கு முன்பே. ரத்தம் கலந்த சளி போல் ஒன்று வெளிவருவது நல்ல அறிகுறிதான், ஆனால் அதன்பின் வலி தொடங்கச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம்.

கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே போக வேண்டிய நேரங்களும் உண்டு. குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு இரவுகூடக் காத்திருக்காதீர்கள். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். உடைந்த நேரத்தையும் நீரின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வைக்கோல் நிறம் சரி. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள், தாமதிக்கக் கூடாது. மாதவிடாய் போல ரத்தம் போவது, பொறுக்க முடியாத தலைவலி, கண் மங்குவது, விலா எலும்புக்குக் கீழே வலி, இவையும் அப்படித்தான். பனிக்குடம் உடைந்த கையோடு தொப்புள்கொடி வெளியே தெரிந்தால் அதைத் தொடாமல், முழங்காலும் மார்பும் தரையில் படும்படி குப்புற மண்டியிட்டு, இடுப்பை மேலே தூக்கியபடி ஆம்புலன்ஸை அழையுங்கள். அபூர்வம்தான், ஆனால் நிமிடக் கணக்கில் உயிர் காக்கும் விஷயம்.

மருத்துவமனைக்குப் போனபின் 'இரண்டு செ.மீ.தான் திறந்திருக்கிறது' என்று சொன்னால் மனம் உடைந்துவிட வேண்டாம். கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் வேகம் பிடிக்கும் கட்டம் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அதற்கு முந்தைய கட்டம் எவ்வளவு நேரம் என்பதற்கு அளவே இல்லை. 5-லிருந்து 10 செ.மீ. வரை முதல் பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்துக்குள் முடியும். முக்கும் கட்டம் மூன்று மணி நேரம் வரை போகலாம்.

முடிந்தவரை மல்லாந்து படுக்காதீர்கள். நடங்கள், கட்டில் விளிம்பைப் பிடித்து முன்னால் குனியுங்கள், பக்கவாட்டில் படுங்கள். மல்லாந்தால் கர்ப்பப்பையின் எடை பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தும், குழந்தை இறங்குவதற்கு எடையின் உதவியும் கிடைக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழியுங்கள், நிரம்பிய சிறுநீர்ப்பை தலை இறங்குவதைத் தடுக்கும். வலி முதுகில் வந்தால், கூட இருப்பவர் உள்ளங்கையின் அடிப்பகுதியைப் புட்டப் பிளவுக்குச் சற்று மேலே உள்ள தட்டையான எலும்பில் வைத்து, வலி ஏறும்போது உடல் எடையைக் கொடுத்து அழுத்தி, இறங்கும்போது விட வேண்டும். தடவிக்கொடுப்பதைவிட இது பலருக்கு உதவும். எப்பிடியூரல் (முதுகில் போடும் வலி குறைக்கும் ஊசி) போட்டுக்கொள்வதில் கூச்சமோ குற்றவுணர்வோ வேண்டாம். முக்கும் நேரம் சற்று நீளலாம். தலை வெளிவரும் நிலையில் 'முக்காதே, ஊது' என்பார்கள். அப்போது வாயால் குறுகிய மூச்சாக ஊதுங்கள், அந்த அரை நிமிட நிதானம் தையலைக் குறைக்கும்.

பிறந்தவுடன் குழந்தையைத் துடைத்து நேராக உங்கள் வெறும் மார்பில் படுக்க வைக்கக் கேளுங்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒரு மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். உடல் சூடும் மூச்சும் சீராவதோடு, குழந்தை தானாகவே மார்பைத் தேடும். தொப்புள்கொடியை ஒரு நிமிடம் கழித்து வெட்டினால் நஞ்சுக்கொடியிலிருந்து கூடுதல் ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேரும். தொடையில் போடும் வைட்டமின் கே ஊசி (1 மி.கி.) ரத்தக் கசிவைத் தடுப்பது, மறுக்காதீர்கள். குளிப்பாட்டுவதை 24 மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

பால் கொடுக்கும் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் தோற்றுப்போனதாக நினைத்து நிறுத்துவது இங்கேதான். முதல் நாள் ஒரு வேளைக்கு வரும் சீம்பால் 2 முதல் 10 மி.லி. மட்டுமே. குழந்தையின் வயிறும் அவ்வளவுதான் கேட்கும். 'பாலே வரவில்லை' என்பது இந்த அளவைத் தெரியாமல் வரும் பேச்சு. நாள் 2 முதல் 4-க்குள் மார்பு கனத்துப் பால் இறங்கும், சிசேரியனில் ஒரு நாள் தள்ளலாம்.

பிடிக்க வைக்கும் முறை: நீங்கள் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றில் ஒட்டியிருக்கட்டும், காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில். மூக்கு காம்புக்கு நேராக. பின்தலையைப் பிடித்து அழுத்தாமல் கழுத்தையும் தோளையும் தாங்குங்கள். காம்பால் மேல் உதட்டைத் தொட்டு, கொட்டாவி விடுவது போல வாய் அகலத் திறக்கும் வரை பொறுங்கள். திறந்ததும் மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாமல் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். முதலில் தாடை படவேண்டும். சரியாகப் பிடித்திருந்தால் கருவட்டம் கீழே மறைந்து மேலே கொஞ்சம் தெரியும், கன்னம் குழியாது, விழுங்கும் மெல்லிய சத்தம் கேட்கும். முதல் அரை நிமிடத்துக்குப் பிறகும் வலித்தால் பிடி தவறு. இழுக்காமல், சுத்தமான சுண்டுவிரலை வாயின் ஓரத்தில் நுழைத்துக் காற்றை விட்டு எடுத்து, மறுபடி முயலுங்கள். வெளியே வந்த காம்பு ஒரு பக்கம் சப்பையாகச் சரிந்திருந்தால் குழந்தை நுனியைத்தான் சப்பியிருக்கிறது.

24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை கொடுக்க வேண்டும். அழுகை பசியின் கடைசி அறிகுறி. கையை வாய்க்குக் கொண்டுபோவதும் தலையைத் திருப்பித் தேடுவதும்தான் நேரம். இரண்டாம் இரவு குழந்தை மணிக்கொரு முறை கேட்கும், மார்பை விட்டு இறக்கினால் அழும். பால் போதவில்லை என்று அன்றிரவே புட்டிப்பால் தேடுகிறவர்கள் அதிகம். அந்தத் தொடர் சப்பல்தான் பாலை வரவழைக்கும் வேலை. ஆனால் பால் கொடுக்க எழுப்பியும் குழந்தை எழாமல் துவண்டு கிடந்தால் அது வேறு, உடனே காட்டுங்கள்.

இப்போது டயப்பர் கணக்கு. முதல் நாள் ஒன்றாவது நனைய வேண்டும், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏறி, ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்துக்கு ஆறு அல்லது அதற்கு மேல். நனைந்த டயப்பர் எவ்வளவு கனக்கும் என்பது தெரியாவிட்டால், காய்ந்த ஒன்றில் மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். மலம் முதல் இரண்டு நாள் தார் போல ஒட்டும் கருமை, மூன்றாம் நான்காம் நாளில் பச்சை, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சள். ஐந்தாம் நாளும் கருப்பாகவே போனால் பால் உள்ளே போகவில்லை. டயப்பரில் செங்கல் தூள் போன்ற சிவப்புக் கறை முதல் இரண்டு நாளில் பரவாயில்லை, அதன்பின் வந்தால் பால் போதாததன் அறிகுறி. எடை 7 சதவீதம் வரை குறைவது இயல்பு. 10 சதவீதத்தை நெருங்கினால் பால் கொடுப்பதைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும்.

மார்பு கட்டிப்போய்க் குழந்தையால் பிடிக்க முடியாவிட்டால், காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து ஒரு நிமிடம் உள்நோக்கி மெல்ல அழுத்துங்கள். அந்த இடம் இளகியதும் கொடுக்கலாம். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் நரம்புகளைத் தாக்கும்.

மஞ்சள் காமாலையை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். நெற்றியை விரலால் அழுத்தி எடுத்ததும் தோல் வெளுப்பாக இல்லாமல் மஞ்சளாகத் தெரிந்தால் இருக்கிறது. கறுத்த தோலில் ஈறும் கண் வெள்ளையும் தெளிவாகக் காட்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தெரிந்தாலும், கால்களுக்கு இறங்கினாலும், குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும். வெயிலில் காட்டிச் சரிசெய்யலாம் என்று காத்திருப்பது ஆபத்து.

உடல் சூடு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை சரி. 38 டிகிரியைத் தொட்டால் மருந்து கொடுத்துப் பார்க்காமல் நேராக மருத்துவமனை. குறைந்தால் மார்போடு வெறும் தோலில் அணைத்து ஒரு மணி நேரத்தில் மறுபடி அளந்துபாருங்கள், ஏறாவிட்டால் காட்டுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 30 முதல் 60, அமைதியாக இருக்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஐந்தாறு விநாடி நிறுத்தி மறுபடி தொடங்குவது இயல்பு. விலா உள்ளிழுப்பதும் முனகலும் உதடு நீலமாவதும் இயல்பல்ல. தொப்புளில் எதையும் பூசாமல் காயவிடுங்கள், ஒன்றிரண்டு வாரத்தில் விழும். சுற்றியுள்ள தோல் சிவந்து நாற்றம் வந்தால் தொற்று. தூங்க வைப்பது எப்போதும் மல்லாத்தி, உறுதியான தட்டையான மெத்தையில், தலையணையும் தளர்ந்த போர்வையும் பொம்மையும் இல்லாமல். தொப்பி வெளியே போகும்போது மட்டும். பிறந்த குழந்தையின் மார்பு வீங்கியிருந்தால் பிழியாதீர்கள், தானே வற்றும்.

உங்களைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். முதல் ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் போக வேண்டும், போகாவிட்டால் செவிலியரிடம் சொல்லுங்கள். ரத்தப்போக்கு நான்கைந்து நாள் சிவப்பாக இருந்து, பிறகு வெளிறி, ஆறு வாரம் வரை நீளலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ முட்டையளவு கட்டிகள் விழுந்தாலோ அவசரம். காய்ச்சல், ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலிப்பது, கடும் தலைவலி, மூச்சுத் திணறல், இவை வீட்டில் பார்க்கும் விஷயங்கள் அல்ல. மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வரும், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் மனம் இருண்டே இருந்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்களையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் ஒரே ஒருமுறை வந்தாலும், அது எத்தனையாவது நாளாக இருந்தாலும், தனியாக இருக்காமல் அன்றே சொல்லுங்கள். மருத்துவம் உள்ள நோய் அது.